ரியூக் வருவதற்கு முன்பே நிரம்பிய பக்கங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, அரங்கத்தில் இருக்கும் பெரியவர்களே, முதல் வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருக்கும் அனிமே பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'மாக்பெத்தையும் லைட் யாகமியையும் வீழ்த்தியது வெளியிலிருந்து வந்த தூண்டுதலா, உள்ளேயே இருந்த ஆசையா?' இதுதான் தலைப்பு. உள்ளே இருந்த ஆசைதான் என்று பேச நான் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய அண்ணன் ஒரு கேள்வி கேட்டு அமர்ந்தார். "சூனியக்காரிகள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மாக்பெத் கடைசிவரை நல்ல தளபதி. ரியூக் நோட்டைக் கீழே போடாமல் இருந்திருந்தால் லைட் நல்ல போலீஸ் அதிகாரி. அப்படியானால் குற்றவாளி யார்?" அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன், ஏனென்றால் அது நல்ல கேள்வி.

பெரியவர்களில் சிலர் 'டெத் நோட்' பார்த்திருக்க மாட்டார்கள், பிள்ளைகளில் சிலர் 'மாக்பெத்' படித்திருக்க மாட்டார்கள். இரண்டு கதையையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். மாக்பெத் ஸ்காட்லாந்தின் வீரத் தளபதி. போர் முடிந்து திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகள் எதிர்ப்படுகிறார்கள். "காடர் பகுதிக்குத் தலைவன் ஆவாய், பிறகு மன்னன் ஆவாய்" என்கிறார்கள். தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மன்னன் டங்கனைத் தூக்கத்திலேயே குத்திக் கொன்று அரியணை ஏறுகிறான். ஒரு கொலையை மூட இன்னொரு கொலை என்று போய்க் கடைசியில் மக்டஃப் என்ற பிரபுவின் கையால் சாகிறான். ஷேக்ஸ்பியர் இதை 1606 வாக்கில் எழுதினார்.

அடுத்தது டோக்கியோவில் நடப்பது. சுகுமி ஓபா எழுத, தாகேஷி ஓபாதா வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, 2003 கடைசியில் தொடங்கியது. 2006இல் மேட்ஹவுஸ் நிறுவனம், டெட்சுரோ அராகி இயக்கத்தில், அதை 37 பாகங்கள் கொண்ட அனிமேயாக எடுத்தது. லைட் யாகமி பள்ளியிலேயே முதல் மாணவன். அப்பா காவல்துறை உயரதிகாரி. ரியூக் என்ற ஷினிகாமி, நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஒரு எமன், பொழுது போகவில்லை என்று தன் நோட்டைப் பூமியில் போடுகிறான். ஒருவர் முகத்தை மனதில் நினைத்து அந்த நோட்டில் பெயரை எழுதினால், 40 விநாடியில் அவர் மாரடைப்பில் சாவார். லைட் அதை எடுக்கிறான். குற்றவாளிகளை ஒழித்துப் புதிய உலகத்துக்குத் தானே கடவுள் ஆகப்போகிறேன் என்கிறான். அவனைப் பிடிக்க 'எல்' என்ற துப்பறிவாளர் வருகிறார்.

ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நானூறு வருட இடைவெளியில், இரண்டு தேசத்தில், ஒரே மனநோயை இரண்டு பேர் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் இந்த மேடையில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பேச முடிகிறது.

இப்போது அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். நடுவர் அவர்களே, டெத் நோட் முதல் பாகத்தில் ரியூக் லைட்டின் அறைக்குள் எப்போது வருகிறான்? நோட்டு கிடைத்து ஐந்து நாள் கழித்து. அதற்குள் என்ன நடந்துவிட்டது? முதலில் டிவியில் பார்த்த ஒருவன், குழந்தைகளைப் பணயம் வைத்துக்கொண்டு பள்ளிக்குள் பதுங்கியவன். அடுத்து தெருவில் ஒரு பெண்ணை வம்புக்கு இழுத்தவன். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகப் பெயர்கள். நோட்டைப் பார்த்து ரியூக்கே வியந்துபோகிறான். தூண்டியவன் என்று எதிரணி சொல்கிற ஆள் வாசலுக்கு வருவதற்குள் கொலைகள் நடந்து முடிந்துவிட்டன. தூண்டுதல் எங்கே இருந்தது? அந்த நோட்டில் எழுதியிருந்தது அதைப் பயன்படுத்தும் முறை மட்டும்தான். "எழுது" என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

"என்னை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்று லைட் கேட்கிறான். ரியூக் சிரிக்கிறான். நான் உன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, நோட்டு இந்தப் பக்கம் விழுந்தது, நீ எடுத்தாய், அவ்வளவுதான் என்கிறான். இந்த இடம் எனக்கு மிகவும் முக்கியம். தன்னை யாரோ தேர்ந்தெடுத்தார்கள் என்று நம்ப லைட்டுக்கு அவ்வளவு ஆசை! எமனே வந்து இல்லை என்று சொன்னபிறகும், தானே தன்னைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறான்.

மாக்பெத்தின் சூனியக்காரிகளும் இப்படித்தான். "மன்னன் ஆவாய்" என்றார்கள். "கொல்" என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வரவே இல்லை. அதே காட்சியில், மாக்பெத் வருவதற்கு முன்னால், பலர் கவனிக்காத ஒரு பேச்சு இருக்கிறது. ஒரு சூனியக்காரிக்கு ஒரு மாலுமியின் மனைவி மீது கோபம். அவள் மடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்த கஷ்கொட்டையைக் கேட்டபோது தரவில்லை. பழி வாங்க, அலெப்போ நோக்கிப் போன அவள் கணவனைக் கடலில் அலைக்கழிக்கப் போகிறாளாம். ஆனால் அவளே ஒப்புக்கொள்கிறாள்: அவன் கப்பலை என்னால் புயலில் ஆட்ட முடியும், மூழ்கடிக்க முடியாது. கதாநாயகன் மேடைக்கு வரும் முன்பே, இவர்களுடைய சக்தியின் எல்லை எதுவரை என்று ஷேக்ஸ்பியர் கோடு போட்டுக் காட்டிவிடுகிறார். காற்றடித்தது அவர்கள். கப்பலில் ஓட்டை போட்டது மாக்பெத்.

எதிரணியில் பேசிய தங்கை திருக்குறளை எடுத்தார். 'ஊழிற் பெருவலி யாவுள' என்று அழகாகச் சொன்னார். அந்தக் குறளின் மிச்சத்தையும் சொல்லியிருக்கலாம் அம்மா. 'மற்றொன்று சூழினும் தான்முந் துறும்.' நாம் வேறு வழி யோசித்தாலும் விதி முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்கிறார் வள்ளுவர். சரி. விதி தானே முந்தி வரும் என்றால், இவன் ஏன் கத்தியை எடுத்துக்கொண்டு விதிக்கு முன்னால் ஓடினான்? காடர் பட்டம் அவனுக்கு எப்படி வந்தது? சும்மா நின்ற இடத்தில், மன்னனின் ஆட்கள் வந்து கொடுத்தார்கள். அதற்காக அவன் யாரையும் சதி செய்து கொல்லவில்லை. மாக்பெத்துக்கே இது புரிகிறது. என்னை மன்னன் ஆக்குவது விதியின் விருப்பம் என்றால், நான் அசையாமலே விதி முடிசூட்டட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். சொல்லத் தெரிந்தவனுக்குக் காத்திருக்க முடியவில்லை.

"அப்படியானால் மனைவி?" என்று கேட்பீர்கள். லேடி மாக்பெத் ஏசித்தான் அவன் துணிந்தான், மறுக்கவில்லை. ஆனால் அவளுக்குச் செய்தி எப்படிப் போனது? மாக்பெத் கடிதம் எழுதுகிறான். நேரில் பேசும்போது அவள் கேட்கிறாள்: இந்தக் காரியத்தை என்னிடம் முதலில் எடுத்தது நீங்கள்தானே, அன்றைக்கு நேரமும் கூடவில்லை, இடமும் கூடவில்லை, அப்போதும் செய்யத் துணிந்தவர் ஆயிற்றே! நண்பன் பாங்க்வோவைக் கொல்ல ஆள் அனுப்பும்போது அவளிடம் ஒரு வார்த்தை சொல்கிறானா? நீ எதுவும் அறியாமல் இரு கண்ணே, முடிந்தபிறகு பாராட்டு என்கிறான். மக்டஃபின் மனைவியையும் பிள்ளைகளையும் வெட்டச் சொன்னபோது அவனை ஏசுவதற்கு யாருமே இல்லை. இனி அவள் கையைக் கழுவிக் கழுவி, தூக்கத்தில் நடக்கிறவளாக ஆகப்போகிறாள்.

நான் அதிகம் பேச நினைத்தது இனி சொல்லப்போவதைத்தான். ஒரே விதமான தூண்டுதல் இரண்டு பேருக்குக் கிடைத்தால், ஒருவன் விழுந்து இன்னொருவன் விழாமல் இருந்தால், காரணம் தூண்டுதலில் இருக்க முடியுமா? அந்தச் சூனியக்காரிகளை மாக்பெத் தனியாகப் பார்க்கவில்லை. பக்கத்திலேயே பாங்க்வோ நிற்கிறான். நீ மன்னன் ஆகமாட்டாய், உன் வம்சத்தில் மன்னர்கள் பிறப்பார்கள் என்று அவனுக்கும் ஆசை காட்டுகிறார்கள். அவன் என்ன சொன்னான்? இருட்டின் ஏவலாட்கள் சின்ன உண்மைகளைச் சொல்லி நம்மை இழுப்பார்கள், பெரிய விஷயத்தில் காலை வாருவார்கள் என்றான். அவன் மனசும் சலனப்படத்தான் செய்தது. இரவில் கெட்ட எண்ணம் வராமல் இருக்க வேண்டுகிறான். ஆனால் கத்தியைத் தொடவில்லை. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் பாங்க்வோவும் கொலைக்கு உடந்தை. ஷேக்ஸ்பியர் அதை மாற்றினார். அவர் காலத்து மன்னர் ஜேம்ஸ் தன்னைப் பாங்க்வோ வம்சம் என்று கருதியதும் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த மாற்றத்தால் மேடையில் கிடைத்தது இது: ஒரே வாக்கைக் கேட்ட இரண்டு காதுகள், இரண்டு முடிவுகள்.

டெத் நோட்டில் பாங்க்வோ யார்? பிள்ளைகளே, யோசித்துப் பாருங்கள். லைட்டின் அப்பா சொய்ச்சிரோ யாகமி. நோட்டைக் கைப்பற்றி வைத்திருந்த மெல்லோ என்பவனின் கும்பலிடமிருந்து அதை மீட்பதற்காக, தன் மிச்ச ஆயுளில் பாதியைக் கொடுத்து எமனின் கண்களை வாங்கிக்கொள்கிறார். அந்தக் கண்களால் பார்த்தால் எதிரே நிற்பவரின் பெயரும், மிச்ச ஆயுளைக் காட்டும் எண்ணும் தெரியும். மெல்லோவின் உண்மைப் பெயரும் தெரிந்துவிட்டது. நோட்டு கையில் இருக்கிறது. தன் உயிருக்கே ஆபத்து. அப்போதும் அவர் கைது செய்யத்தான் பார்த்தார். நீ இதுவரை யாரையும் கொன்றதில்லை, இல்லையா என்று மெல்லோவே கண்டுபிடித்துவிடுகிறான். அந்தத் தயக்கத்துக்கு அவர் கொடுத்த விலை தன் உயிர். அப்பாவின் கையில் இருந்ததும் கொலை நோட்டுதான், மகன் கையில் இருந்ததும் கொலை நோட்டுதான்.

அவர் சாகிற காட்சியை என்னால் இன்றைக்கும் தள்ளி வைக்க முடியவில்லை. நோட்டுக்கு உடைமையாளராக இருப்பவரின் ஆயுள் எண் அந்தக் கண்களுக்குத் தெரியாது. மகனைப் பார்க்கிறார், எண் தெரிகிறது. ஊர் 'கிரா' என்று அழைக்கும் அந்தக் கொலைகாரன் என் பிள்ளை இல்லை என்று நிம்மதியாகக் கண்ணை மூடுகிறார். உடைமையை லைட் முன்கூட்டியே கைமாற்றிவிட்டான் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மேடைத் துன்பியலில் பார்வையாளனின் நெஞ்சைப் பிசைகிற உத்தி இது. என் பார்வையில் ஷேக்ஸ்பியரே எழுதியிருக்கக்கூடிய காட்சி.

எதிரணியின் பலமான வாதத்தையும் நான் ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். நடுவில் லைட் நோட்டைத் துறந்து, அதைப் பற்றிய நினைவை இழக்கிறான். அப்போது அவன் எவ்வளவு நல்லவன்! தன்னைக் காதலிக்கும் மிசா என்ற பெண்ணின் காதலைப் பயன்படுத்தித் தகவல் வாங்கு என்றால், ஒருத்தியின் மனசோடு விளையாட மாட்டேன் என்கிறான். "பாருங்கள், நோட்டு இல்லை என்றால் அவன் தங்கம்" என்றார் அண்ணன். எனக்கும் அந்த லைட்டைப் பிடிக்கும். ஆனால் அந்த லைட் எதற்குச் சாட்சி சொல்கிறான்? எது தப்பு என்று இவனுக்கு முழுதாகத் தெரியும் என்பதற்கு. டங்கனைக் கொல்வதற்கு முன் மாக்பெத் தனியாக நின்று பேசுகிறானே, நான் அவருக்கு உறவினன், அவருடைய குடிமகன், இன்றைக்கு விருந்து கொடுப்பவன், கதவைப் பூட்டிக் காக்க வேண்டியவனே கத்தியைத் தூக்கலாமா என்று, அந்தப் பேச்சின் இடத்தில்தான் இந்த நினைவிழந்த லைட் நிற்கிறான். பிறகு ஹெலிகாப்டரில் நோட்டைத் தொடுகிறான். நினைவு திரும்புகிறது. அந்த நொடியில் இரண்டு லைட்டும் ஒரே உடம்பில் இருக்கிறார்கள். ரியூக் பக்கத்தில்கூட இல்லை. அவன் செய்த முதல் காரியம், கடிகாரத்துக்குள் ஒளித்து வைத்திருந்த நோட்டுத் துண்டில், அதுவரை அந்த நோட்டை வைத்துக் கொலை செய்துவந்த ஹிகுச்சியின் பெயரை எழுதியது. எல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எழுதினான்.

இன்னொன்று. ரியூக் லைட்டிடம் உண்மையாகவே ஒரு தடவை ஆசை காட்டினான். பாதி ஆயுளைக் கொடு, எமனின் கண்களைத் தருகிறேன் என்றான். அது இருந்தால் எதிரியின் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. லைட் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்! தூண்டுதலுக்கு மயங்குகிற பிள்ளையா இவன்? தன் ஆயுள் குறையும் என்றால் எமனிடமே மறுத்துப் பேசத் தெரிந்தவன். தன்னைத் துரத்தி வந்த 12 எஃப்.பி.ஐ. அதிகாரிகளின் ஆயுளுக்கு அந்த மறுப்பு வரவில்லை. அவர்களில் ஒருவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த நவோமி மிசோராவின் ஆயுளுக்கும் வரவில்லை. அவர்கள் யாரும் குற்றவாளிகள் இல்லை.

முதல் முறை பார்த்தபோது நானும் லைட் பக்கம்தான் இருந்தேன் நடுவர் அவர்களே. குழந்தைகளைப் பிடித்து வைத்திருந்தவன் செத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னை யாரும் தூண்டவில்லை. நோட்டு என் கையில் இல்லை. ஆனாலும் அந்த ஆசை எனக்குள்ளே இருந்தது. லைட்டும் முதல் சில நாட்கள் தூங்காமல் மெலிந்துதான் போனான். டங்கனைக் கொன்றதும் "இனித் தூக்கம் இல்லை" என்று ஒரு குரல் மாக்பெத்துக்குக் கேட்டதே, அதே குரல் லைட்டுக்கும் கேட்டிருக்கிறது. மாக்பெத்தின் தூக்கம் அதற்குப் பிறகும் கெட்டே இருந்தது. லைட் பழகிக்கொண்டான்.

ரியூக் கடைசியில் என்ன செய்தான் என்றும் பார்க்க வேண்டும். நீ சாகும் நேரத்தில் உன் பெயரை நான்தான் என் நோட்டில் எழுதுவேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தான். குண்டடி பட்டு லைட் படிக்கட்டில் கிடக்கிறான். ரியூக் தூரத்தில் நின்று, சொன்னபடி எழுதுகிறான். எழுதிவிட்டு, நன்றாகப் பொழுது போனது என்கிறான். 37 பாகங்களில் லைட்டுக்காக ரியூக் எழுதிய ஒரே பெயர் அது. மற்ற பக்கங்களில் இருப்பது யாருடைய கையெழுத்து என்று நடுவர் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வணக்கம்.