வீம்ஸின் பீடம் எது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘பார்சன் (பங்குக் குரு) வீம்ஸ்’ என்று அமெரிக்கர் அழைத்த, குருவாகவும் புத்தக விற்பனையாளராகவும் இருந்த மேசன் லாக் வீம்ஸ் தம் குருத்துவத்துக்கு உண்மையாயிருந்தது பிரசங்க பீடத்திலா, புத்தக வண்டியிலா என்பது இன்றைய வழக்கு. வண்டியில்தான் என்று வாதிட வந்திருக்கிறேன்.

குருப்பட்டம் அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. ஆங்கிலேய அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யாதவருக்கு இங்கிலாந்துத் திருச்சபை அன்று பட்டம் தரவில்லை. புதிதாக விடுதலை பெற்ற அமெரிக்காவின் குடிமகனோ அதைச் செய்ய முடியாது. ஐரோப்பாவில் அமெரிக்கத் தூதர்களாயிருந்த ஜான் ஆடம்ஸுக்கும் பெஞ்சமின் பிராங்க்ளினுக்கும் எழுதி வழி கேட்ட வீம்ஸ், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்த நிபந்தனையைத் தளர்த்திய 1784-இல்தான் கான்டர்பரி பேராயரின் கையால் குருவானார். அப்படிப் பெற்ற பணியைக் காசுக்காக உதறினார் என்று எதிரணி நண்பர் சொன்னதை என் மனம் ஏற்கவில்லை.

அமெரிக்காவின் மேரிலாந்தில் சில ஆண்டுகள் சேகரத்தை, அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதியை, கவனித்தார். பிறகு, பிலடெல்பியா பதிப்பாளர் மாத்யூ கேரியின் முகவராக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தென்மாநிலச் சாலைகளில் அலைந்தார். கேரி கத்தோலிக்கர், இவர் ஆங்கிலிக்கன் மரபினர். வேதாகமத்தை வீடுதோறும் சேர்க்கும் வேலையில் அந்த வேற்றுமை குறுக்கே நிற்கவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். இடம் கிடைத்த ஊரில் பிரசங்கித்தார். குடியையும் சூதையும் துப்பாக்கி கொண்டு மானம் காக்கும் சண்டையையும் கண்டித்துத் தாமே சிறு நூல்கள் எழுதி விற்றார்.

எதிரணியின் வலிமையான அம்பு செர்ரி மரம்: சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் மரத்தை வெட்டியதைத் தந்தையிடம் பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டான் என்ற கதை. வீம்ஸ் எழுதி 1800-இல் வெளிவந்த வாஷிங்டன் வரலாற்றில், 1806-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அந்தக் கதை நுழைந்தது, அதற்குச் சான்றில்லை. வாஷிங்டன் வாழ்ந்த இடத்தின் பெயரால், இல்லாத ‘மவுன்ட் வெர்னன் சேகர’த்தின் முன்னாள் குரு என்று நூல்முகப்பில் போட்டுக்கொண்டதும் தவறே. உண்மை பேசச் சொல்லும் கதையைப் புனைந்து சொன்னது எனக்கும் வலிக்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆயினும் அந்நூலைச் சிறுவயதில் படித்த ஆபிரகாம் லிங்கன், 1861 பிப்ரவரியில், வாஷிங்டன் போரிட்ட டிரென்டன் நகரில் பேசியபோது நினைவுகூர்ந்தது செர்ரி மரத்தை அல்ல. ஆற்றைக் கடந்து சென்று அங்கே போரிட்ட வாஷிங்டனின் வீரர்கள் பட்ட துன்பத்தையும், அவர்கள் எதற்காக அதைத் தாங்கினார்கள் என்று தாம் அன்றே சிந்தித்ததையும்தான். மேரிலாந்துப் பீடத்திலிருந்து எந்தக் குரல் அந்தச் சிறுவனை எட்டியிருக்கும்?

நடுவர் அவர்களே, 1825-இல் வீம்ஸ் இறந்தது வர்ஜீனியாவில் இருந்த தம் வீட்டில் அல்ல. தென் கரோலினாவின் பியூஃபோர்ட்டில், புத்தகம் விற்கச் சென்ற பயணத்தில்.