முடிவிலி நோயல்ல, எல்லைக்கோடு

நடுவர் அவர்களே! துகள்களின் வினைகளைக் கணக்கிடும் குவாண்டம் புலக் கோட்பாட்டில் வரும் முடிவிலிகள் கோட்பாட்டின் நோயா, நம் அறிவின் எல்லைக்கோடா என்பது தலைப்பு. நோய்தான் என்ற எதிரணித் தலைவர், அந்தக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான டிராக்கையே சாட்சிக்கு இழுத்துவந்தார். சிறியதைப் புறக்கணிக்கலாம், முடிவிலியாகிவிட்டதே என்று புறக்கணிப்பது கணிதமா என்று டிராக் கேட்டது உண்மைதான். ஆனால் அந்த முடிவிலிகளைக் கையாளும் மறுஇயல்பாக்க முறையில் எதைப் புறக்கணித்தோம்?

எலக்ட்ரான் ஒரு ஃபோட்டானை உமிழ்ந்து தானே விழுங்குகிறது. அந்த ஃபோட்டானின் உந்தத்தை முடிவிலி வரை கூட்டினால், இதனால் எலக்ட்ரான் நிறையில் சேரும் திருத்தமும் முடிவிலி. அத்தனை உயர் ஆற்றலிலும் இதே கோட்பாடு செல்லுபடியாகும் என்று யார் சொன்னது? ஒரு வெட்டெல்லை போடுங்கள்; அதற்கு மேற்பட்ட ஆற்றலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். திருத்தம் அதன் மடக்கையாகத்தான் வளரும். வெட்டெல்லையைப் பிளாங்க் ஆற்றலான 10¹⁹ கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கே கொண்டுபோனாலும், முதல் வரிசைக் கணக்கில் வருவது எலக்ட்ரான் நிறையில் சுமார் 18 சதவீதம். இந்தப் பூதத்துக்கா இத்தனை வேப்பிலை?

சமன்பாட்டில் போட்ட நிறையையும் திருத்தத்தையும் தனித்தனியே யாராலும் அளக்க முடியாது. அளப்பது கூட்டுத்தொகையை. விடையை அந்த அளந்த நிறையில் எழுதுவதுதான் மறுஇயல்பாக்கம். 1947இல் ஷெல்டர் ஐலண்டு இயற்பியல் மாநாடு முடிந்து ரயிலில் போகும்போது இயற்பியலாளர் பெத்தே செய்தது இதைத்தான்: அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரானின் திருத்தத்திலிருந்து கட்டற்ற எலக்ட்ரானின் திருத்தத்தைக் கழித்தார். தன் கணக்கு சார்பியல் அல்லாதது என்பதால் எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றலில் வெட்டினார். ஹைட்ரஜனின் இரு ஆற்றல் மட்டங்களுக்கு இடையிலான சிறு விலகலான லாம்ப் பெயர்ச்சிக்கு 1040 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. சோதனையில் கண்டது ஏறக்குறைய 1000.

தற்செயல் என்பீர்கள். இயற்பியலாளர் வில்சன் 1970களில் காரணம் சொன்னார். வெட்டெல்லையைப் படிப்படியாகக் கீழிறக்கினால், மேலே நடப்பதெல்லாம் நிறை, மின்னூட்டம் போன்ற சில எண்களுக்குள் அடங்கிவிடும்; மிச்சம் ஆற்றலுக்கும் வெட்டெல்லைக்குமான விகிதத்தின் அடுக்குகளாகத் தேய்ந்துபோகும்.

தேயாமல் அடம்பிடித்ததும் உண்டு. ஃபெர்மியின் 1934 பீட்டாச் சிதைவுக் கோட்பாட்டில் நான்கு துகள்கள் ஒரே புள்ளியில் சந்திக்கும். வரிசைக்கு வரிசை புதுப்புது முடிவிலி. சில நூறு கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் நிகழ்தகவே ஒன்றைத் தாண்டும். அந்தப் புள்ளிக்குள் ஒளிந்திருந்த டபிள்யூ போசான் என்ற துகள் 1983இல் செர்ன் ஆய்வகத்தில் பிடிபட்டது. நிறை சுமார் 80 கிகா எலக்ட்ரான் வோல்ட். எல்லைக்கோடு எங்கே என்று முடிவிலி முன்பே காட்டிக்கொடுத்துவிட்டது!

அடுத்து, மின்விசையின் வலிமையே முடிவிலியாகிவிடும் ஆற்றலான லாண்டாவ் துருவத்தை எடுப்பீர்கள். மின்னியக்கவியலை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அது பிளாங்க் ஆற்றலுக்கும் எங்கோ அப்பால். அங்கே கோட்பாட்டுக்கு அதிகாரமே இல்லை. என் அணியை உண்மையில் உறுத்துவது ஹிக்ஸ் துகளின் நிறை, 125 கிகா எலக்ட்ரான் வோல்ட். அதன் திருத்தம் வெட்டெல்லையின் வர்க்கமாக எகிறுகிறது. ஆனால் அங்கேயும் சிக்கல் முடிவிலியில் இல்லை. மேலே எவ்வளவு கனமான துகள் இருக்கிறதோ, அதைப் பொறுத்து இந்த 125 ஆடுவதில்தான். எதிரணி அதைத் தொடவேயில்லை. அடுத்துப் பேசுபவர் தொடட்டும்.