மிக்சியைவிட எட்டு மடங்கு வேகம்! 750 கிலோ காருக்குள் டர்போ எஞ்சின், அதுவும் வீட்டிலேயே

[திரையில்: சமையலறை மேடை. ஒரு மிக்சி. பக்கத்தில் துருப்பிடித்த ஒரு டர்போ.]

இது எங்கள் வீட்டு மிக்சி. சுமை இல்லாமல் ஓடவிட்டால் நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றும். அந்தச் சத்தத்துக்கே எதிர் வீட்டு நாய் எழுந்து குரைக்க ஆரம்பித்துவிடும். பக்கத்தில் இருப்பது டர்போ, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற சாமான். இரண்டு கைக்குள் அடங்கிவிடுகிறது. முழு மூச்சில் ஓடும்போது இதன் வேகம் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று. இப்படி ஒரு சாமான் இருக்கிற எஞ்சினை, ஒரு சாதாரண மூன்று சிலிண்டர் காருக்குள், வீட்டு கராஜில், சனி ஞாயிறு லீவில் உட்கார்ந்து மாட்டுகிறார்கள். எப்படி மாட்டுகிறார்கள், எங்கே சொதப்புகிறது, இரண்டையும் பார்த்துவிடலாம்.

மிக்சியைத் திருப்பி வைக்க எனக்கு அரை மணி நேரம்தான் கெடு. சீக்கிரம் போவோம்.

[திரையில்: ஜியோ மெட்ரோ, வெள்ளை நிறம்.]

வண்டியின் பெயர் ஜியோ மெட்ரோ. 1989-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் விற்க ஆரம்பித்தது. பெயர்தான் அமெரிக்கா, உள்ளே முழுக்க சுசுகி. நம் ஊர் மாருதி 1000, அப்புறம் வந்த எஸ்டீம், இரண்டுக்கும் கூடப் பிறந்த ஹேட்ச்பேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். 993 சிசி, மூன்று சிலிண்டர், 55 குதிரைத்திறன். எடை சுமார் 750 கிலோ. மைலேஜுக்கென்றே வந்த எக்ஸ்எஃப்ஐ மாடலில் அந்த 55-உம் 49 ஆகிவிட்டது. 2008-இல் அங்கே பெட்ரோல் விலை காலன் 4 டாலரைத் தாண்டியபோது, யாரும் சீந்தாமல் கிடந்த பழைய மெட்ரோவுக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. வரலாறு போதும்.

நமக்கு வேண்டியது இதன் அண்ணன். 1987, 88 இரண்டே வருடம் அமெரிக்காவில் செவர்லே ஸ்பிரின்ட் டர்போ என்று ஒரு கார் விற்றார்கள். மெட்ரோவுக்கு முந்தைய தலைமுறை சுசுகி அது. அதிலும் மெட்ரோவில் இருக்கிற அதே சுசுகி எஞ்சின் குடும்பம், பெயர் ஜி10, அதே 993 சிசி, ஆனால் டர்போவோடு 70 குதிரைத்திறன். ஒரே குடும்பம் என்பதால், அந்த எஞ்சினைக் கழற்றி மெட்ரோவுக்குள் இறக்கினால் பெரிய வெட்டு, வெல்டிங் இல்லாமல் உட்கார்ந்துவிடும். வீட்டில் செய்கிறவர்களுக்கு இந்த ஜோடி பிடிக்கக் காரணம் அதுதான்.

“வெறும் 15 குதிரைக்கா இந்தப் பாடு?” என்று கமெண்டில் ஒருவர் கட்டாயம் கேட்பார். இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். 55-க்கு மேல் 15 என்றால் கால் பங்குக்கு மேல் கூடுதல். அதைவிட முக்கியம் இழுவை: 79 நியூட்டன் மீட்டர் இருந்த இடத்தில் 107. ஏசி போட்டுக்கொண்டு நாலு பேரோடு மேம்பாலம் ஏறியவர்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்கவே வேண்டாம்.

சரி, இன்னொரு கேள்வி. எஞ்சினையே ஏன் மாற்ற வேண்டும்? இருக்கிற எஞ்சினில் ஒரு டர்போவை மட்டும் வாங்கி மாட்டினால் போதாதா?

மாட்டலாம். எத்தனை நாள் ஓடும் என்பதுதான் கேள்வி. டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அமுக்கினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். ஏற்கெனவே சூடான காற்றை பிஸ்டன் இன்னும் அமுக்கும்போது, பிளக் பொறி விட்ட பிறகு தீ ஒழுங்காகப் பரவுவதற்குள், மீதிக் கலவை தானாகவே வெடித்துவிடும். டொக் டொக் என்று தட்டும். அதைத்தான் நாக்கிங் என்கிறோம். அப்படியே விட்டால் பிஸ்டன் உடையும், கேஸ்கெட் போகும். அதனால் டர்போ எஞ்சினில் பிஸ்டன் அமுக்குவதையே தொழிற்சாலையில் குறைத்து வைத்திருப்பார்கள். சாதா ஜி10-இல் 9.5 மடங்கு, டர்போ ஜி10-இல் 8.3.

இதில் ஒரு குட்டிக் கதை, சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1962-இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்று ஒரு கார் வந்தது. உலகத்தில் முதன்முதலில் டர்போவோடு விற்பனைக்கு வந்த கார்களில் ஒன்று. அந்தப் பொறியாளர்கள் பிஸ்டன் அமுக்குகிற 10.25 மடங்கைக் குறைக்க மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். நாக்கிங் வராமல் இருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்கிலிருந்து பீய்ச்சினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’. பெயரில் ராக்கெட் இருந்தது, சரி. டேங்க் காலியானால் நிரப்ப வேண்டும் என்பது பாதி ஓனர்களுக்கு ஞாபகமே இல்லை. இரண்டு வருடத்தில் அந்த மாடலுக்கே மூடுவிழா. வைப்பர் தண்ணீரை நாம் எத்தனை தடவை நிரப்பியிருக்கிறோம், அவர்களைச் சொல்ல.

[திரையில்: டர்போவை நெருக்கமாக. விரலால் தண்டை ஆட்டுவது.]

இப்போது எனக்குப் பிடித்த இடம். இந்த டர்போவைப் புதுப்பேட்டையில் வாங்கினேன், மேசையில் வைத்துக் காட்டத்தான். கடையில் கையில் எடுத்து நடுத்தண்டை ஆட்டிப் பார்த்தேன், லேசாக ஆடியது. “பாய், ஆட்டம் இருக்கே?” என்றேன். அவர் தலை நிமிராமலே சொன்னார்: “தம்பி, பக்கவாட்டுல கொஞ்சம் ஆடத்தான் செய்யும். உள்ள வெளிய இழுத்துப் பாரு. அதுல ஆடுனா வெச்சிட்டுப் போ.”

நூற்றுக்கு நூறு சரி. ஏன் தெரியுமா?

மிக்சி ஜாருக்கு அடியில் பிளேடு எதில் சுற்றுகிறது? ஒரு புஷ்ஷில். அது தேய்ந்தால் என்ன ஆகும்? ஜாருக்கு அடியில் கறுப்பாகக் கசியும், அம்மா திட்டுவார். டர்போவும் அதே குடும்பம்தான். பெரும்பாலான டர்போவில் பால் பேரிங் கிடையாது, புஷ்தான். ஆனால் ஓடும்போது தண்டு அந்த புஷ்ஷைத் தொடவே தொடாது. எஞ்சினிலிருந்து அழுத்தத்தோடு வரும் ஆயில் நடுவில் மெல்லிய படலமாக நிற்கும், தண்டு அதில் மிதக்கும். கையில் வைத்திருக்கும்போது ஆயில் இல்லை, அந்த இடைவெளி காலி. அதனால்தான் பக்கவாட்டில் ஆடுகிறது. பிளேடு நுனி கூட்டில் உரசாத வரை பரவாயில்லை. உள்ளே வெளியே ஆடினால் உந்தல் தாங்கும் வளையம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது பேப்பர் வெயிட்.

வேகத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். காற்றுச் சக்கரத்தின் குறுக்களவு 5 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 15.7. நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் என்றால் நொடிக்கு 2,500 சுற்று. பெருக்குங்கள். சக்கரத்தின் நுனி நொடிக்கு 390 மீட்டருக்கு மேல் போகிறது. நாம் நிற்கிற இந்த அறையில் ஒலி போவது நொடிக்கு 345-க்குப் பக்கம். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால், ஒரு சாதா வண்டிக்குள் ஒன்று ஒலியை முந்திக்கொண்டிருக்கிறது! இந்தக் கணக்கை முதல் தடவை போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை திருப்பிப் போட்டேன்.

இவ்வளவு வேகத்தைத் தாங்குவது சுத்தமான ஆயில் மட்டும்தான். வீட்டில் மாட்டுகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதும் இங்கேதான், அதிலும் ஆயில் உள்ளே வரும் குழாயில் இல்லை, வெளியே போகும் குழாயில். வரும் குழாய் பேனா ரீஃபில் மாதிரி சன்னமாக இருந்தால் போதும், அழுத்தம் இருக்கிறது. திரும்பிப் போகிற ஆயிலுக்கு அழுத்தம் கிடையாது. ஆற்றின காபி மாதிரி நுரைத்துப்போய் வெளியே வரும், பூமி இழுக்கிற இழுப்பில்தான் கீழே வடிய வேண்டும். அதனால் அந்தக் குழாய் கட்டைவிரல் பருமனுக்கு வேண்டும், தொய்வு இல்லாமல் நேராக இறங்க வேண்டும், சம்ப்பில், அதாவது எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டியில், ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். நடுவில் எங்காவது தொட்டில் மாதிரி தொங்கினால் ஆயில் தேங்கும், டர்போவுக்குள்ளேயே மேலே ஏறும். உள்ளே இருக்கிற சீல் ரப்பர் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு வளையம். தேங்கி நிற்கும் ஆயிலை அது தடுக்காது. சைலன்சரில் நீலப் புகை வரும். “டர்போ போச்சு” என்று சொல்லி இன்னொன்று வாங்கி மாட்டுவார்கள். அதுவும் புகையும்.

எஞ்சினோடு மாற்றுவதில் இருக்கிற நிம்மதி இப்போது புரிகிறதா? ஸ்பிரின்ட் டர்போவின் எஞ்சினில் இந்தக் குழாய் வேலையெல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்திருக்கிறது. நீங்கள் சம்ப்பில் ஓட்டை போட வேண்டாம், இரும்புத் தூள் ஆயிலில் விழுமே என்று பயப்பட வேண்டாம்.

இறக்குவது ஒரு நாள் வேலை. அலுமினிய பிளாக், மூன்றே சிலிண்டர், சின்ன எஞ்சின் கிரேன் போதும். ஒயரிங்தான் நாள் கணக்கில் இழுக்கும். மெட்ரோவில், காற்றை அளந்து விடுகிற த்ராட்டில் அருகே, பெட்ரோல் பீய்ச்ச ஒரே ஒரு இன்ஜெக்டர். டர்போவில் சிலிண்டருக்கு ஒன்று. அதனால் அதன் கம்ப்யூட்டர், சென்சார்கள், ஒயர்க் கொத்து எல்லாமே கூடவே வர வேண்டும், அதிக அழுத்தம் தருகிற ஃபியூவல் பம்பும் வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிளக்கிலும் டேப் ஒட்டி எழுதி வையுங்கள். ‘ஞாபகம் இருக்கும்’ என்பது உலகத்தின் பெரிய பொய்.

பிரேக் பற்றியும் ஒரு வார்த்தை: மெட்ரோவுக்கு 12 அங்குலச் சக்கரம், மாருதி 800-க்கு இருக்கிற அதே அளவு. அதற்குள் அடங்குகிற பிரேக்கும் சின்னதுதான். ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதற்கு முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் எதிர்பார்க்காத ஒன்று. கலிஃபோர்னியாவில் எஞ்சின் மாற்றலாம், ஆனால் வரும் எஞ்சின் காரின் வருடத்தைவிடப் பழையதாக இருக்கக்கூடாது. மெட்ரோ 1989-க்கு அப்புறம். ஸ்பிரின்ட் டர்போ 1988-உடன் சரி. கச்சிதமாகப் பொருந்துகிற ஜோடி, ஒரு வருட வித்தியாசத்தில் புகைச் சோதனையில் ஃபெயில்! ஜாதகம் பார்த்துப் பெண் கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

“அண்ணா, என் 800-க்குப் பண்ணலாமா?” தெரியும், வரும். ஆசை நியாயமானதுதான். 800-இன் எஃப் வரிசை எஞ்சின் குடும்பத்தில் பிறந்ததுதான் 1987-இல் ஜப்பானில் வந்த ஆல்ட்டோ வொர்க்ஸ் எஞ்சினும்: 543 சிசி, டர்போ, 64 குதிரைத்திறன். நம் 800-க்கு 796 சிசி, 40-ஐத் தொட மூச்சு வாங்கும். ஆனால் இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொல்லிவிட்டது. ஆர்சி புத்தகத்தில் ஒன்று, பானட்டுக்குள் ஒன்று என்று ரோட்டில் ஓட்டிப் போய் மோதினால் இன்சூரன்ஸ்காரர் சிரித்துக்கொண்டே கைவிரிப்பார். மூன்று சிலிண்டர் டர்போதான் வேண்டும் என்றால் மாருதியே பலேனோ ஆர்எஸ்ஸில் கொடுத்தது, 998 சிசி, நூறு குதிரைக்கு மேல். பழையது தேடிப் பாருங்கள்.

கடைசியாக முதல் ஸ்டார்ட். எல்லாம் மாட்டியாயிற்று என்று நேராகச் சாவியைத் திருப்பாதீர்கள். டர்போவுக்குள் அந்தப் படலம் இன்னும் வரவில்லை. ஆயில் வரும் குழாயைக் கழற்றி, துளையில் சுத்தமான ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி, விரலால் சக்கரத்தை நாலு சுற்று சுற்றி, திரும்ப மாட்டுங்கள். இன்ஜெக்டர், இக்னிஷன் இரண்டின் ஃபியூஸையும் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டு ஓட்டுங்கள். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைகிற வரைக்கும். அணைந்ததா? ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் சில நிமிடம் ஐடிலில் விடுங்கள். கீழே குனிந்து, திரும்பிப் போகிற குழாயின் இரண்டு முனையிலும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் வண்டியை வெளியே எடுக்கலாம்.

[சமையலறையிலிருந்து குரல்: “டேய், மிக்சி!”]

வந்துட்டேன்மா!