கடைக் கதவில் சுவரொட்டி ஒட்டலாமா? நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டிய கேள்வி என்பதால் மற்றதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பக்கம் புடவைக் கடை நடத்தும் ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். சுருக்கி வாசிக்கிறேன்.

"எங்கள் கடைக்கு அடிக்கடி ஏதாவது ஓர் இயக்கத்தார் வருகிறார்கள். கதவில் சுவரொட்டி ஒட்டச் சொல்கிறார்கள், கல்லாப் பக்கத்தில் உண்டியல் வைக்கச் சொல்கிறார்கள். காஸா பற்றியும் மற்ற சமூகப் பிரச்சினைகள் பற்றியும் கடையின் நிலைப்பாட்டை முகநூல் பக்கத்தில் எழுத வேண்டும் என்கிறான் என் மகன். இளையவர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்களாம். கணவரோ, நமக்கு எதற்கு வம்பு, சிவனே என்று வியாபாரத்தைப் பார்ப்போம் என்கிறார். யார் சொல்வது சரி?"

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். என் பதில் இதுதான். கடை தன் கையில் இருக்கும் விஷயத்தில் நிலைப்பாடு எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். எதை விற்பது, எதை விற்காமல் விடுவது, வேலையாட்களை எப்படி நடத்துவது, இதெல்லாம் உங்கள் கையில் இருப்பது. கைக்கு எட்டாத விஷயத்தில் முதலாளி தாராளமாகத் தன் சொந்தப் பெயரில் பேசட்டும். கடைப் பெயரை அதற்குள் இழுக்க வேண்டாம்.

முதலில் உங்கள் கணவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். சிவனே என்று இருந்தால் வம்பு வராது என்பது நம் நாட்டில் உண்மையாக இல்லை. ஸ்டார்பக்ஸைப் பாருங்கள். 2023 அக்டோபரில் அமெரிக்காவில் அந்த நிறுவனத்தின் தொழிலாளர் சங்கம் பாலஸ்தீனத்துக்கு ஆதரவாகச் சமூக ஊடகத்தில் ஒரு வரி போட்டது. தன் பெயரையும் சின்னத்தையும் சங்கம் பயன்படுத்துகிறது என்று நிறுவனம் வழக்குப் போட்டது. சண்டை முழுக்க அங்கே. அடி விழுந்தது இங்கே, புறக்கணிப்பாக. மலேசியாவில் அந்தக் கடைகளை நடத்துவது பெர்ஜாயா ஃபுட். 2023 டிசம்பரோடு முடிந்த காலாண்டில் மட்டும் அதற்கு 4 கோடியே 26 லட்சம் ரிங்கிட் நட்டம். வருமானம் முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிடச் சுமார் 38 விழுக்காடு குறைந்தது. 2024 மார்ச்சில் பெர்ஜாயா குழுமத்தை நிறுவிய டான் ஸ்ரீ வின்சென்ட் டான் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார்: இது மலேசியர்களின் கம்பெனி, கடைகளில் வேலை செய்பவர்களில் 80 முதல் 85 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், புறக்கணிப்பை நிறுத்துங்கள் என்று. யாரும் நிறுத்தின மாதிரித் தெரியவில்லை.

மெக்டோனல்ட்ஸ் கதை இன்னும் சிக்கலானது. அங்கே இஸ்ரேலியக் கிளைகள் ராணுவத்தினருக்கு இலவசச் சாப்பாடு கொடுத்தன. இங்கே மலேசியக் கிளைகளின் உரிமையாளர்கள் சவூதிக்காரர்கள். ஆனாலும் கோபம் வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? புறக்கணிப்பு இயக்கத்தின் மீது 60 லட்சம் ரிங்கிட் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். சில மாதங்களில் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். வாடிக்கையாளர் வாங்க மாட்டேன் என்று சொல்வதை வழக்குப் போட்டு மாற்ற முடியுமா? அந்த யோசனையை யார் கொடுத்தாரோ.

புறக்கணிப்பதை நான் குறை சொல்லவில்லை. அது வாங்குபவரின் உரிமை. அதில் நமக்குப் பழைய பழக்கமும் உண்டு. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் நம் தோட்டத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தார்கள். 1947-ல் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் அது போலீசோடு மோதலாகவே மாறியது. ஆகவே, கடை வாசலில் நின்று ஒரு சமூகம் தன் கருத்தைச் சொல்வது நமக்குப் புதிதில்லை. நான் சொல்வது, பேசாமல் இருப்பதை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாது என்பதுதான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

அப்புறம் உங்கள் மகன் கட்சி. தம்பி சொல்வது போல, கருத்துச் சொல்லும் கடையை விரும்பும் இளையவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சொன்ன பிறகு நிற்க முடியுமா என்று பார்க்க வேண்டும். 2020 அக்டோபரில் இந்தியாவில் தனிஷ்க் நகைக்கடை ஒரு விளம்பரம் வெளியிட்டது. முஸ்லிம் வீட்டுக்கு மருமகளாகப் போன இந்துப் பெண்ணுக்கு மாமியார் வீட்டில் வளைகாப்பு நடக்கும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களில் எடுத்துவிட்டார்கள். ஊழியர்கள், கூட்டாளிகள், கடைப் பணியாளர்கள் நலனைக் கருதி எடுத்ததாக அறிக்கையில் சொன்னார்கள். டாட்டாவும் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் குழுமத்தின் கடை அது. அத்தனை பெரிய இடமே ஒரு வாரம் தாங்கவில்லை. ஆதரித்தவர்களுக்கும் ஏமாற்றம், எதிர்த்தவர்களுக்கும் கோபம் போகவில்லை. சொல்லாமலே இருந்திருந்தால் இருவரில் ஒருவராவது மிஞ்சியிருப்பார்.

அந்த அறிக்கையில் கடைப் பணியாளர்கள் என்று வந்ததைக் கவனித்தீர்களா? எனக்கு முக்கியம் அதுதான். பதிவு போடுவது முதலாளி வீட்டுப் பிள்ளை, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து. திட்டு வாங்குவது கல்லாவில் நிற்கும் பெண். அவளுக்கு அந்த விஷயத்தில் என்ன கருத்து என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் கடையில் மலாய்க்காரப் பெண்கள், தமிழ்ப் பெண்கள், வெளிநாட்டுத் தொழிலாளர் எல்லாரும் இருப்பார்கள். கடைப் பெயரில் நீங்கள் பேசினால் அவர்கள் எல்லாருக்கும் சேர்த்துப் பேசியதாகத்தான் ஊர் எடுத்துக்கொள்ளும்.

சட்டமும் இருக்கிறது. இனம், சமயம், அரச பரம்பரை என்று மூன்றையும் தொட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இணையத்தில் புண்படுத்தும் பதிவு போடுவதைக் குற்றமாக்கும் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு கடையின் முகநூல் பக்கத்துக்கும் பொருந்தும். 2023 மே மாதம் உள்துறை அமைச்சு ஸ்வாட்ச் கடைகளில் புகுந்து, ஒருபாலின ஈர்ப்பாளர் ஆதரவுச் சின்னம் என்று வானவில் நிறக் கைக்கடிகாரங்கள் 172-ஐப் பறிமுதல் செய்தது. தடை உத்தரவே ஆகஸ்டில்தான் வந்தது. 2024 நவம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. சரி, ஸ்வாட்ச் ஒன்றரை ஆண்டு வழக்கு நடத்தும். உங்கள் கடை நடத்துமா?

உங்கள் பகுதியிலேயே நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அது ஏமாற்று வேலை. 2025 மார்ச்சில், 130 ஆண்டுப் பழமையான தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் இடமாற்ற விவகாரம். அந்த நிலம் 2014 முதல் ஜேக்கல் துணிக்கடைக் குழுமத்துக்குச் சொந்தம். அங்கே பள்ளிவாசல் கட்டத் திட்டம். கடைசியில் கோயிலைச் சுமார் 50 மீட்டர் தள்ளி மாற்றுவதென்று முடிவானது. அந்த நேரத்தில் பல கடைக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு, நாங்கள் ஏதாவது அறிக்கை விட வேண்டுமா என்று கேட்டார்கள். ஜேக்கல் நிலத்தின் சொந்தக்காரர். அது பேசித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. பக்கத்துத் தெருவில் ஜாக்கெட் துணி விற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் பக்தராக, குடிமகனாக, கோயில் நிர்வாகத்திடம் போய் நிற்கலாம். கூட்டத்துக்குப் போகலாம். கடைப் பலகையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

இப்போது, கையில் இருப்பது என்றேனே, அதைப் பார்ப்போம். இங்கேதான் நம் கடைக்காரர்கள் நழுவிவிடுகிறார்கள்.

நான் கணக்கு எழுதிய மளிகைக் கடைகளில் ஒன்று ரவாங் பக்கம், தோட்டத்தை ஒட்டி இருந்தது. கடைக்காரப் பெரியவர் ஒருநாள் சம்சு என்ற மலிவு மதுவை விற்பதை நிறுத்திவிட்டார். அறிவிப்பு, சுவரொட்டி எதுவும் கிடையாது. சின்ன பாட்டில்கள் இருந்த தட்டில் அரிசி மூட்டை வந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த வகை மலிவு மது நம் குடும்பங்களை என்ன செய்தது என்று இந்தக் காணொளி பார்க்கும் பாதிப் பேருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்து எத்தனையோ ஆண்டுகளாகக் கத்திக்கொண்டிருக்கிறது. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த கள்ளச் சரக்கைக் குடித்துச் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் எத்தனை பேர் செத்தார்கள்! கோலாலம்பூர் மாநகர மன்றம், மளிகைக் கடைகளில் கடும் மது விற்கக் கூடாது என்று 2020 நவம்பரில்தான் அறிவித்தது. பெரியவர் அதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே நிறுத்தியவர்.

உடனே ஊர் திருந்தி அவரைக் கொண்டாடியது என்று நினைக்காதீர்கள். குடிப்பவர்கள் இரண்டு கடை தள்ளிப் போனார்கள். போகிறவர்கள் சர்க்கரையையும் பருப்பையும் அங்கேயே வாங்கினார்கள். வருமானம் இறங்கியதை நான்தான் கணக்கில் எழுதினேன். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "என் கையால் கொடுக்க மனசு வரலை, வேற கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார். நான் இதுவரை பார்த்ததில் ஒரு கடை எடுத்த நேர்மையான நிலைப்பாடு அது.

பெரிய கடைகளும் செய்திருக்கின்றன. அமெரிக்காவில் சிவிஎஸ் மருந்துக்கடை 2014-ல் சிகரெட் விற்பதை நிறுத்தியது. ஆண்டுக்கு 200 கோடி டாலர் விற்பனை போகும் என்று தெரிந்தே நிறுத்தியது. மருந்து விற்கும் இடத்தில் புகையிலை எதற்கு என்பது அவர்கள் வாதம். நம் ஊரில் சிகரெட் பெட்டிகளைக் கண்ணில் படும்படி அடுக்கக் கூடாது என்ற விதி 2025 ஏப்ரலில் வந்த பிறகுதான் பலர் மூடி வைத்தார்கள். பினாங்கில் பிளாஸ்டிக் பையும் அப்படித்தான். 2009-ல் வாரத்தில் ஒரு நாள் என்று தொடங்கி, 2011 ஜனவரி முதல் தினமும் இலவசப் பை கிடையாது, 20 காசு என்றானது. அதற்கு முன்னால் தானாகவே நிறுத்திய கடைக்காரர் எத்தனை பேர்?

சகோதரி, உங்கள் தொழில் புடவை. அதனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மார்ச் 8 வந்தால் மகளிர் தினத் தள்ளுபடி என்று கதவில் ரோஜா நிறத்தில் ஒட்டுவோம். உள்ளே புடவை விரித்துக் காட்டும் பெண்களுக்கு உட்கார நாற்காலி இருக்கிறதா? தமிழ்நாட்டில் இதற்காக 2021-ல் சட்டத்தையே திருத்தினார்கள், கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று. கேரளாவில் அதற்கு முன்பே, 2018-ல். அங்கே துணிக்கடைப் பெண்கள் போராடித்தான் அது வந்தது. நாள் முழுக்க நின்று கால் வீங்கிப் போகும் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் போட எந்த இயக்கத்தின் அனுமதியும் வேண்டாம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஆகஸ்டு முதல் எல்லாக் கடைகளுக்கும் 1,700 ரிங்கிட். அது ஒழுங்காகப் போகிறதா? தீபாவளிக்கு முந்தின வாரம் இரவு பதினொரு மணி வரை நிற்பவர்களுக்கு மிகைநேரச் சம்பளம் போகிறதா? தம்பிக்கு உண்மையிலேயே சமூக அக்கறை இருந்தால், முகநூலுக்கு முன்னால் சம்பளப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அவனுக்கு நிறைய வேலை இருக்கும்.

காஸாவுக்காக அவன் மனம் துடிக்கிறது என்றால் அதில் தப்பே இல்லை. தன் பக்கத்தில், தன் பெயரில் எழுதட்டும். தன் காசைக் கொடுக்கட்டும். கடை லாபத்திலிருந்து கொடுப்பதானாலும் கணக்கில் எழுதிக் கொடுங்கள்.

சுவரொட்டி கொண்டு வருபவர்களிடம், கடைக் கதவில் எதுவுமே ஒட்டுவதில்லை என்று ஒரே பதில் சொல்லுங்கள். கட்சி, கோயில், பள்ளிவாசல், நாய்கள் காப்பகம், எல்லாருக்கும் அதே பதில். ஒருவருக்கு ஒட்டிவிட்டு அடுத்தவருக்கு மறுத்தால் அதற்கு விளக்கம் சொல்லியே நாள் போய்விடும். கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கும் அதே வாக்கியத்தைச் சொல்லிக் கொடுங்கள், மலாயிலும் சேர்த்து. "முதலாளி ஒட்ட வேணாம்னு சொல்லிட்டாங்க" என்று அவள் பழியை உங்கள் மேல் போடட்டும். அதற்குத்தானே முதலாளி.

உண்டியல் விஷயம் வேறு. பொது இடத்தில் பணம் திரட்ட 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். உண்டியலைக் கையில் வாங்கும் முன்பு அந்த உரிமத்தையும் சங்கப் பதிவுச் சான்றையும் கேட்டு, இரண்டையும் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கொண்டு வருகிறோம் என்று சொன்னால் உண்டியலும் நாளைக்கே வரட்டும்.