கார்விங் வந்த பிறகுதான் லெவல் 1 எழுத வேண்டுமா?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "இரண்டு சீசனாக ஸ்னோபோர்டு ஓட்டுகிறேன். நீலச் சரிவுகளில் (நடுத்தரக் கடினம்) நிற்காமல் திரும்பித் திரும்பி இறங்கிவிடுவேன். இன்ஸ்ட்ரக்டர் ஆக ஆசை. கார்விங் நன்றாகப் பழகிய பிறகு இன்ஸ்ட்ரக்டர் தகுதியின் முதல் படியான லெவல் 1 போகலாமா, இப்போதே போகலாமா? அதற்குள் எதைப் பயிற்சி செய்ய வேண்டும்?"

இப்போதே போகலாம். கார்விங்குக்காக, அதாவது போர்டு சறுக்காமல் அதன் விளிம்பிலேயே வெட்டித் திரும்புகிற ஓட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. லெவல் 1 முடித்தவரிடம் யார் கற்றுக்கொள்ள வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் முதல் நாள் பைண்டிங்கில் (காலைப் போர்டோடு பிணைக்கும் பிடி) கால் மாட்டுகிறவர்கள்தான். கனடாவின் ஸ்னோபோர்டு இன்ஸ்ட்ரக்டர்கள் அமைப்பான சிஏஎஸ்ஐ-யில் லெவல் 1 என்பது மூன்று நாள் பயிற்சி. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் அந்தத் தகுதி. நடுத்தர நிலை மாணவர்கள் லெவல் 2-இல்தான் வருகிறார்கள், அது நான்கு நாள். பிரிட்டனின் பிஏஎஸ்ஐ லெவல் 1-ஐ ஐந்து நாள் நடத்துகிறது, முதலுதவிச் சான்றிதழும் கேட்கும். அமெரிக்காவில் ஏஏஎஸ்ஐ, நியூசிலாந்தில் என்இசட்எஸ்ஐஏ என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அமைப்பு உண்டு. எங்கே வேலை செய்யப் போகிறீர்களோ, அங்கே எது செல்லும் என்று பார்த்துச் சேருங்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். நீலச் சரிவில் இறங்கத் தெரிகிறது என்கிறீர்கள். அதே திருப்பத்தை மிக எளிதான பச்சைச் சரிவில், நடக்கிற வேகத்தில் போட்டுக் காட்ட முடியுமா? இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வேகம் பல குறைகளை மறைத்துவிடும். வேகமாகப் போகும்போது பின்காலை உதறித் தள்ளினாலும் போர்டு திரும்பிவிடும். மெதுவாகப் போகும்போது அது நடக்காது. உதறல் அப்படியே வெளியே தெரியும், மாணவரும் அதையே பார்த்துப் பழகிக்கொள்வார். அதனால் லெவல் 1-க்கு முன் உங்கள் பயிற்சியில் பாதியையாவது மிக மெதுவான ஓட்டத்துக்கு ஒதுக்குங்கள் என்பேன்.

ஒரே ஒரு திருப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஹீல்சைடிலிருந்து டோசைடுக்கு, அதாவது குதிகால் பக்க எட்ஜிலிருந்து (போர்டின் விளிம்பு) விரல் பக்க எட்ஜுக்கு மாறுவது. குதிகால் எட்ஜில் சரிவுக்குக் குறுக்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள். முதலில் முன்காலின் விரல்கள் மட்டும் மெல்லக் கீழே அழுத்த வேண்டும். பின்கால் இன்னும் குதிகாலில்தான் இருக்கிறது. இரண்டு காலும் வேறு வேறு வேலை செய்வதால் போர்டு நடுவில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். போர்டின் முன்பாதியில் குதிகால் எட்ஜ் பனியை விட்டதும் போர்டின் மூக்கு, அதாவது முன்முனை, தானாகவே சரிவின் கீழ்நோக்கித் திரும்பும். அந்தக் கணத்தில் மாணவர்கள் பயந்து பின்னால் சாய்வார்கள். சாய்ந்தால் முன்காலில் எடை இருக்காது, திருப்பமும் நின்றுபோகும். எடையை முன்காலில் வைத்தபடி, போர்டு நேராகக் கீழே பார்த்த பிறகு பின்காலின் விரல்களையும் அழுத்தினால், டோசைடு எட்ஜ் பிடித்து முழுத் திருப்பமாகிவிடும். கண் எப்போதும் போக வேண்டிய பக்கம். இதை ஒவ்வொரு நொடியும் பிரித்துக் காட்ட உங்களுக்கு வர வேண்டும்.

சைடு ஸ்லிப்பையும் (போர்டைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து நேராகக் கீழே சறுக்குவது) ஃபாலிங் லீஃபையும் (ஒரே எட்ஜில் இடமும் வலமுமாகச் சறுக்கி இறங்குவது) 'அதெல்லாம் முதல் வாரப் பாடம்' என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு எட்ஜிலும், நினைத்த இடத்தில் வேகம் குறைத்து, நினைத்த இடத்தில் நிற்க வேண்டும். டோசைடு சைடு ஸ்லிப்பில் முதுகு சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும். போர்டு கொஞ்சம் தட்டையானாலும் குதிகால் எட்ஜ் பனியில் குத்தி, ஆளைப் பின்னந்தலை அடிபட விழவைக்கும். ஹெல்மெட்டை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இந்த விழுகைதான் காரணம். முன்னால் விழும்போது உள்ளங்கையை விரித்து ஊன்றாமல் விரல்களை மூடி, முன்கைகளில் விழச் சொல்லிக்கொடுங்கள். மணிக்கட்டு எலும்பு முறிவது இந்த விளையாட்டில் சர்வசாதாரணம்.

அப்புறம், கற்றுக்கொடுக்கும் பகுதி. ஓட்டுவதைப் போலவே இதையும் தேர்வில் பார்ப்பார்கள். மாணவர் பின்காலை உதறுகிறார் என்பது யார் கண்ணுக்கும் தெரியும். ஏன் உதறுகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் இன்ஸ்ட்ரக்டரின் வேலை. எடை பின்னால் இருக்கலாம், தோள் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கலாம், பைண்டிங் ஸ்ட்ராப் தளர்ந்திருக்கலாம், சரிவு அவருக்கு அதிகமாக இருந்து பயந்திருக்கலாம். காரணம் பயமாக இருந்தால் எத்தனை விளக்கம் சொன்னாலும் பயனில்லை, சமமான இடத்துக்குக் கூட்டிப்போங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். உங்கள் ஊர் ஸ்கி ஸ்கூலில் அனுமதி கேட்டு, அனுபவமுள்ள ஒருவரின் வகுப்பைப் பின்னால் நின்று கவனியுங்கள். வீடியோ பார்ப்பதைவிட இது பல மடங்கு உதவும்.

கார்விங் எப்போது என்றால், லெவல் 1 முடித்த பிறகு. அதற்கு முன் முழங்காலும் கணுக்காலும் மடங்கி நிமிர்கிற அசைவு திருப்பத்தோடு சேர வேண்டும். திருப்பம் தொடங்கும்போது நிமிர்ந்து எடையைக் குறைப்பது, முடியும்போது மடங்கி எட்ஜை அழுத்துவது என்று பழகுங்கள். பிறகு குறுகிய திருப்பங்கள். அதன்பின் மென்மையான சரிவில், திருப்பாமல் எட்ஜில் சாய்ந்து மட்டும் போய்ப் பாருங்கள். நின்று திரும்பிப் பார்த்தால் பனியில் பென்சில் கோடு போல மெல்லிய தடம் இருக்க வேண்டும். அகலமாகச் சிராய்த்திருந்தால் அது இன்னும் சறுக்கல்தான்.

ஸ்விட்ச், அதாவது எதிர்க்காலை முன்னால் வைத்து ஓட்டுவதை இன்றே தொடங்கிவிடுங்கள். மேல் நிலைகளில் கேட்கிறார்கள் என்பது ஒரு காரணம். நீங்கள் ரெகுலராக (இடதுகால் முன்னால்) நிற்பவரானால், கூஃபியாக (வலதுகால் முன்னால்) நிற்கும் மாணவருக்கு அவர் நிற்கிற மாதிரியே செய்துகாட்டவும் அதுதான் உதவும். தவிர, ஸ்விட்சில் பச்சைச் சரிவில் இறங்கும்போது புதியவருக்கு எங்கே பயம் வருகிறது என்பது உங்கள் காலிலேயே தெரியும்.

லெவல் 1-ஐ சீசன் தொடக்கத்தில் முடித்துவிட்டு, அந்த சீசன் முழுவதும் புதியவர்களுக்குப் பாடம் எடுங்கள். ஓய்வு நாட்களில் சக இன்ஸ்ட்ரக்டர்களோடு உங்கள் ஓட்டத்தைச் சரிசெய்யுங்கள். லெவல் 2 தேதியை சீசன் முடிவில் போட்டுக்கொண்டால், படித்ததும் கற்பித்ததும் சூடு ஆறாமல் தேர்வுக்கு வந்து நிற்பீர்கள்.