சந்தேகங்களுக்கு விளக்கம்: பேசாமல் இருப்பதும் ஒரு பதில்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு நாளாக விடவில்லை. சகுரா தைசென் என்ற ஜப்பானிய கேம் தொடரைப் பற்றி மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "அண்ணா, நீங்கள் சகுரா தைசென் பற்றி அடிக்கடி சொல்கிறீர்களே என்று, 2019-இல் மறுபடி வந்த கேமை வாங்கிப் போட்டேன். ரோபோவில் ஏறிச் சண்டை போட்டால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடுகிறது. மீதி நேரமெல்லாம் பேச்சுதான். பழையதில் யோசித்து ஆடும் சண்டை இருந்ததாமே? அதை ஏன் தூக்கினார்கள்? இதற்கா இத்தனை வருஷம் காத்திருந்தார்கள்?"

தம்பி, நல்ல கேள்வி. சண்டை அலுக்கிறது என்று சொன்னீர்களே, அது உண்மை. மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஒரே மாதிரி எதிரிகள் கூட்டமாக வருவார்கள், நாம் வெட்டித் தள்ளிக்கொண்டே ஓடுவோம். ஓர் எதிரியைக் குறிவைத்துப் பார்வையைப் பூட்டிக்கொள்ள வழியில்லாததால், சுவரோரம் மாட்டினால் கேமரா எங்கேயோ பார்க்கும். அதை நானும் பல தடவை அனுபவித்தேன். ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி இருக்கிறதே, "மீதி நேரமெல்லாம் பேச்சு" என்பது, அங்கேதான் நான் உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஏனென்றால் இந்தக் கேமில் உண்மையான சண்டை அந்தப் பேச்சில்தான் நடக்கிறது.

நம் பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொடரில் பதில் தேர்ந்தெடுக்கும் லிப்ஸ் முறையைப் பற்றி நான் சொன்னது நினைவிருக்கும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996 செப்டம்பரில் சேகா நிறுவனத்தின் சாட்டர்ன் கேம் கருவியில் முதல் கேம் வந்தது. ஓஜி ஹிரோயின் கற்பனை. பாத்திரங்களை வரைந்தவர் கொசுகே ஃபுஜிஷிமா, இசை கோஹெய் தனாகா. நாடக அரங்கு ஒன்று. அதில் நடிக்கும் பெண்கள், நகரத்துக்கு ஆபத்து வந்தால் நீராவியிலும் ஆன்ம சக்தியிலும் இயங்கும் கோபு என்ற கவசத்தில் ஏறிப் போருக்குப் போவார்கள். ஜப்பானிய மொழியில் 'ககெகிதான்' என்று சொன்னால் காதுக்கு இசை நாடகக் குழு. அதே ஒலியை வேறு எழுத்துகளால் எழுதினால் மலர்போல் மலர்ந்து தாக்கும் படை. அந்த ஒரு சிலேடையில் முழுக் கதையும் அடங்கிவிட்டது பாருங்கள்! இதற்குத் தூண்டுதல் தகராசுகா. பெண்கள் மட்டுமே நடிக்கிற, 1914-இலிருந்து மேடையேறி வருகிற குழு. ஆண் வேடமும் பெண்களே கட்டுவார்கள். நம் ஊர் கம்பெனி நாடகத்தில் ஆண்கள் ஸ்திரீபார்ட் போட்டதற்கு அப்படியே நேர்மாறு.

சரி, லிப்ஸ். ஒரு பெண் உங்களிடம் ஏதோ கேட்கிறாள். திரையில் இரண்டு மூன்று பதில்கள் வரும். கூடவே நேரமும் குறைந்துகொண்டே வரும். சில விநாடிகள்தான். தேர்ந்தெடுத்தால் அது உங்கள் பதில். தேர்ந்தெடுக்காமல் விட்டால், அதுவும் உங்கள் பதில்! கேம் நின்று காத்திருக்காது. நீங்கள் வாயைத் திறக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு அவள் அடுத்ததைப் பேசுவாள். சில இடங்களில் அந்த மௌனம் அவளைப் புண்படுத்தும். சில இடங்களில் அதுதான் சரியான பதிலாக இருக்கும். பேசாமல் இருப்பதும் ஒரு பதில் என்று கேம் உலகத்தில் எனக்கு முதலில் காட்டியது இந்தத் தொடர்தான். இதை நான் முன்பும் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

என் அனுபவம் ஒன்று. புதிய கேம் ஜப்பானில் 2019 டிசம்பர் 12-இல் வந்தது. மற்ற நாடுகளுக்கு 2020 ஏப்ரல் 28. அப்போது நம் ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். ஊரடங்கு. அரிசி, பருப்பு வருவதே பெரிய விஷயமாக இருந்த நேரத்தில் கேம் டிஸ்க் எங்கே வரும்? ஜூலை கடைசியில்தான் கைக்கு வந்தது. அன்று இரவே உட்கார்ந்துவிட்டேன். குரல் ஜப்பானிய மொழியில், எழுத்து ஆங்கிலத்தில். நம் ஆட்களுக்கு இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. நமக்குச் சொந்தமில்லாத மொழியில் மூன்று வரிகளைப் படித்து, அவள் மனநிலையைப் புரிந்துகொண்டு, முடிவெடுக்கவும் வேண்டும். அதற்குள் நேரம் ஓடிவிடும்.

ஓரிடத்தில் குழுவில் ஒரு பெண் தன் பயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். யார், எந்த அத்தியாயம் என்று சொல்ல மாட்டேன், விளையாடாதவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பதில்கள் வந்தன. அதே நேரம் சமையலறையிலிருந்து அம்மா, "மூணு விசில் ஆச்சுடா, அடுப்பை அணை" என்றார். ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தேன். நேரம் முடிந்திருந்தது. போச்சு, கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். பார்த்தால் அவள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அதுவரை சொல்லாத ஒன்றைத் தானாகவே சொன்னாள். நான் குறுக்கே பேசியிருந்தால் அது வந்திருக்காதோ என்று தோன்றியது. மறுநாள் பழைய சேவிலிருந்து மறுபடி ஏற்றி, மூன்று பதில்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். ஆனால் அடுப்பை அணைக்கப் போன அந்த இடைவெளி மாதிரி எதுவும் இல்லை. அம்மா பின்னால் வந்து நின்று, "ஏன் அந்தப் பையன் பேசாமலே நிக்கிறான்?" என்று கேட்டார். "கேட்டுக்கிட்டு இருக்கான்மா" என்றேன்.

இன்னொன்றும் உண்டு. சில பதில்களில் குரலை எவ்வளவு உயர்த்துவது என்பதை ஸ்டிக்கைத் தள்ளி நாமே முடிவு செய்ய வேண்டும். அதே வாக்கியம்தான். மெல்லச் சொன்னால் ஆறுதல், கத்திச் சொன்னால் அதட்டல். தம்பி, நீங்கள் பேச்சு என்று ஒதுக்கிய இடத்தில் எத்தனை வேலை நடக்கிறது என்று பாருங்கள்.

இப்போது பழைய சண்டைக்கு வருவோம். முதல் இரண்டு கேம்களில் கட்டம் கட்டமாக நகர்த்தும் சண்டை. 2001-இல் சேகாவின் ட்ரீம்காஸ்ட் கருவியில் வந்த மூன்றாவதில், பாரிஸ் கதை அது, கட்டங்களை எடுத்துவிட்டு ஒரு முறைக்கு இவ்வளவு ஆற்றல் என்று கொடுத்தார்கள். அதை நடப்பதற்கும் தாக்குவதற்கும் பிரித்துச் செலவழிக்கலாம். 2005-இல் வந்த ஐந்தாவது, நியூயார்க் கதை, அதே வழியில் போனது. புதியதில் எல்லாம் நேரடி ஆக்‌ஷன்.

பழைய ரசிகர்கள் பலர் "யோசிக்கும் சண்டையை எடுத்துவிட்டார்களே" என்று வருத்தப்பட்டார்கள். எனக்கு வருத்தம் அதில் இல்லை. ஆக்‌ஷனாக மாற்றியதில் தப்பே இல்லை. எனக்கு வலித்த இடம் வேறு. பழையதில் கேப்டனுக்கு ஒரு கட்டளை உண்டு. 'கபாவு'. காப்பது, மறைத்து நிற்பது. குழுவில் யார்மீதாவது அடி விழப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே அவளைத் தேர்ந்தெடுத்து வைக்கலாம். எதிரி வெட்டும்போது ஒகாமி, பழைய கேமின் கேப்டன் அவர்தான், பாய்ந்து குறுக்கே நிற்பார். அடி அவளுக்கு விழாது. அவளுக்கு உங்கள்மேல் நம்பிக்கையும் கூடும். ஒரு சண்டைக்குச் சில தடவைகள்தான் அதைப் பயன்படுத்த முடியும். அப்போது மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும் பாருங்கள்! இவள் உயிர்ச்சக்தி குறைந்திருக்கிறது, ஆனால் என் மனசுக்குப் பிடித்தவள் அவள், யாரைக் காப்பது? மேடைக்குப் பின்னால் நடந்த பேச்சும் போர்க்களமும் அந்த ஒரே கட்டளையில் முடிச்சுப் போட்டுக்கொண்டன.

புதியதில் அந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பேச்சில் சம்பாதித்த நம்பிக்கை சண்டையில் பலமாக வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குறுக்கே பாய்ந்து நிற்கும் அந்தக் கணம் இல்லை. உங்களுக்குச் சண்டை பத்து நிமிடத்தில் அலுத்ததற்குக் காரணம் பொத்தான்களின் எண்ணிக்கை இல்லை என்பது என் கருத்து. யாருக்காகச் சண்டை போடுகிறோம் என்பது உங்கள் கைக்குத் தெரியவில்லை. எதிரி எங்கே என்று மட்டும்தான் தெரிகிறது.

குரல் விஷயத்திலும் ஒரு குறை உண்டு. பல காட்சிகளில் எழுத்து மட்டும் ஓடும், குரல் இருக்காது. நாடகக் குழுவைப் பற்றிய கேமில் அது உறுத்தத்தான் செய்கிறது. படம் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. முதன்மைப் பாத்திரங்களை டைட்டோ குபோ வரைந்திருக்கிறார், அந்தக் கூர்மை முப்பரிமாணத்திலும் வந்திருக்கிறது. கேமுக்குள்ளேயே வரும் கொய்-கொய் சீட்டாட்டத்துக்கு நான் அடிமை, நாற்பத்தெட்டுச் சீட்டு, பன்னிரண்டு மாதப் பூக்கள், அது போதும் எனக்கு. அதைப் பற்றி ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

தம்பி, நீங்கள் வேறொரு கேள்வி கேட்டிருக்கலாம் என்று எனக்கு ஆசை. "அண்ணா, அந்த அரங்கின் மேலாளராக உட்கார்ந்திருக்கும் அம்மா யார்?" என்று கேட்டிருக்க வேண்டும்.

அவர் சுமிரே கன்சகி. 1996-இல் வந்த முதல் கேமின் ஆறு பெண்களில் ஒருத்தி. பெரிய பணக்கார வீட்டுப் பெண், நட்சத்திர நடிகை, திமிர் பிடித்தவள், அந்தக் கேமின் நாயகி சகுரா ஷிங்குஜியோடு எப்போதும் மோதுகிறவள். அவளுக்கு மற்றவர்களுக்கு முன்பே ஆன்ம சக்தி வற்றிவிட்டது. அதனால் குழுவிலிருந்து விலகினாள். பிறகு ஒரு பெரும் போர் வந்தது. டோக்கியோ, பாரிஸ், நியூயார்க் என மூன்று குழுக்களும் பேய்களின் அரசனை அடைத்துவிட்டுத் தாங்களும் மறைந்துபோனார்கள். அன்று போருக்குப் போக முடியாதவள் என்பதால்தான் சுமிரே இன்று இருக்கிறாள். புதிய கேம் அதற்குப் பத்து வருஷம் கழித்துத் தொடங்குகிறது. பணமில்லாத, பார்க்க ஆளில்லாத, மூடப்போகிற அரங்கு. நடிக்கத் தெரியாத புதுப் பெண்கள். அவர்களை வைத்துக்கொண்டு, தன் தோழிகள் எல்லோரும் போன அதே வீட்டில், அவள் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இதில் என் நெஞ்சை அடைத்தது என்ன தெரியுமா? சுமிரேவுக்குக் குரல் கொடுக்கும் மிச்சியே தொமிசாவா, 2002-இல் நிஜமாகவே அந்தப் பாத்திரத்திடம் விடைபெற்றவர். இந்தத் தொடரின் மேடை நிகழ்ச்சிகளில் குரல் கொடுத்தவர்களே வேஷம் கட்டி ஆடிப் பாடுவார்கள். அதனால் கதையில் சுமிரே விலகியதும் மேடையில் அவர் விலகியதும் ரசிகர்களுக்கு ஒன்றாகவே இருந்தது. பதினேழு வருஷம் கழித்து அவரே திரும்பி வந்து பேசுகிறார். திரும்பி வந்த பெண்ணின் கதையை, திரும்பி வந்த குரல் சொல்கிறது. 2016-இல் சேகா தன் விழாவில் எந்தத் தொடர் மறுபடி வரவேண்டும் என்று கேட்டபோது, ரசிகர்கள் முதலிடத்தில் வைத்தது சகுரா தைசெனைத்தான். அவர்களும் அந்தக் காலி அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள்தானே?

கதை நடக்கும் வருஷத்தையும் கவனியுங்கள். 1940. நிஜத்தில் தைஷோ சகாப்தம், ஒரு ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்காலம் அது, 1926-இலேயே முடிந்துவிட்டது. கேமில் அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கு ஒரு சின்னக் கோடு கூடுதலாகப் போட்டு எழுதுவார்கள். அந்தக் கோடு போட்ட உலகத்தில் தைஷோ 29-ஆவது ஆண்டு வரை ஓடுகிறது. அங்கே ஷாங்காய், லண்டன், பெர்லின் குழுக்கள் டோக்கியோவுக்கு வந்து போட்டியில் மோதுகின்றன. நிஜமான 1940-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்திருக்க வேண்டும். சீனாவோடு போர் மூண்டதால் 1938-இல் ஜப்பான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. நடக்காத அந்தத் திருவிழாவை, நடந்த மாதிரி இந்தக் கேம் காட்டுகிறது. ஷாங்காய்ப் பெண்ணும் டோக்கியோப் பெண்ணும் போட்டியாளர்களாக எதிரெதிரே நிற்பதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் நான் பொத்தானை அழுத்தவில்லை.

சரி, உங்களுக்கு என் யோசனை. சண்டையில் பெரிதாக மெனக்கெடாமல் தாண்டிப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய கேம்களை ஆடாமலே இதை ஆடலாம், கதை புரியும். ஒரே ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். அடுத்த தடவை பதில்கள் திரையில் வரும்போது, உங்களுக்கு எல்லாம் தெரிந்த மாதிரி தோன்றினாலும், ஒரே ஒரு தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். நேரம் ஓடி முடியட்டும். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த வாரம் படிக்கிறேன்.

அடுத்த கேள்வி கோயம்புத்தூரிலிருந்து ஓர் அக்கா அனுப்பியது.