மூன்று புரி முறுக்கிய புரதம்

நேயர்களுக்கு வணக்கம்.

புரதத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது, பருப்பு, முட்டை, பயறு என்று ஒரு பட்டியலை எதிர்பார்க்கிறார்களோ என்று தோன்றியது. அதைச் சொல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். சாப்பிட்ட புரதம் உடலுக்குள் என்ன உருவம் எடுக்கிறது, அந்த உருவத்தால் என்ன வேலை நடக்கிறது என்பதுதான் என் பேச்சு. அதையும் ஒரே ஒரு புரதத்தை வைத்துச் சொல்கிறேன்.

குதிகாலுக்குச் சற்று மேலே, பின்புறத்தை விரலால் பிடித்துப் பாருங்கள். விறைப்பாக ஒரு நாண் தட்டுப்படும். தசையை எலும்போடு கட்டுகிற தசைநாண் அது. அதிலுள்ள நீரை நீக்கிவிட்டால் மிஞ்சுவதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். தோலிலும் குருத்தெலும்பிலும் இருப்பது அதுதான். எலும்புக்குக் கடினத்தைத் தருவது கால்சியம் உப்புகள்; சுண்ணாம்புக் கட்டி போல அது பொடிந்துவிடாமல் காப்பது கொலாஜன். நம் உடலின் மொத்தப் புரதத்தில் கால் பங்குக்குக் குறையாமல் இந்த ஒன்றே இருக்கிறது.

எல்லாப் புரதங்களும் 20 வகை அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலிகள்தாம். எது எதற்குப் பின் வருகிறது என்பதே சங்கிலி எப்படி மடியும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஹீமோகுளோபின் உருண்டையாக மடிந்து ஆக்ஸிஜனைச் சுமக்கிறது. இன்சுலின் 51 அமினோ அமிலங்களே கொண்ட சிறிய புரதம். ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கிறது. கொலாஜன் இவற்றைப் போல் உருண்டு திரள்வதில்லை. அது நீளமாக நிற்கிறது.

எப்படி நிற்கிறது என்பதற்கு விடை சென்னையில் கிடைத்தது. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். சர் சி.வி. ராமனின் மாணவர், முப்பது வயதை ஒட்டிய இளைஞர். சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் புதிராகவே இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாணில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, விழுந்த புள்ளிகளைப் படித்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் ‘நேச்சர்’ இதழில் முதல் கட்டுரையையும், அடுத்த ஆண்டு அதைத் திருத்திய வடிவத்தையும் வெளியிட்டார்.

கயிறு திரிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, பிறகு புரிகளைச் சேர்த்து எதிர்ப் பக்கமாக முறுக்குவார்கள். அப்போதுதான் கயிறு பிரியாது. கொலாஜனும் அப்படியே. மூன்று சங்கிலிகள், ஒவ்வொன்றும் இடஞ்சுழியாகச் சுருண்டிருக்கும், மூன்றும் சேர்ந்து வலஞ்சுழியாக முறுக்கியிருக்கும். சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் மெல்லிய ஹைட்ரஜன் பிணைப்பு, மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டா, ஒன்றா என்று கேம்பிரிட்ஜில் கிரிக், ரிச் என்ற இரு விஞ்ஞானிகள் கேள்வி எழுப்பினார்கள். ஒன்று என்பதே கடைசியில் நிலைத்தது. மூன்று புரி என்ற அடிப்படையை யாராலும் அசைக்க முடியவில்லை.

அந்த விவாதம்தான் ராமச்சந்திரனை அடுத்த வேலைக்குத் தள்ளியது. ஒரு சங்கிலியில் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எந்தக் கோணங்களில் திரும்பினால் ஒன்றோடொன்று முட்டும் என்று கணக்கிட்டு, ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடன் 1963-இல் ஒரு வரைபடம் தந்தார். இன்று உலகில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று ‘ராமச்சந்திரன் வரைபட’த்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அவருக்கு நோபல் கிடைக்கவில்லையே என்று நாம் அங்கலாய்ப்பதுண்டு. அந்த வரைபடம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு அங்கலாய்த்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி.

முறுக்குக்குள் சற்று நுழைந்து பார்ப்போம். மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடு அச்சில் இடமே இல்லை. அங்கே பொருந்தக்கூடியது அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் மட்டும். அதன் பக்கக் கிளை ஒற்றை ஹைட்ரஜன் அணுதான். ஆகவே சங்கிலியில் மூன்றுக்கு ஒன்று கிளைசினாக வந்தே தீர வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில், பிறவியிலேயே ஒரே ஓர் இடத்தில் கிளைசினுக்குப் பதில் பெரிய அமிலம் ஒன்று வந்துவிட்டாலும் முறுக்கு அங்கே கெடலாம். தடுக்கி விழுந்தாலே எலும்பு முறிகிற குழந்தைகள் பலரின் நோய்க்கு இதுவே காரணம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கொலாஜனில் புரோலின் என்ற அமிலம் நிறைய. செல்லுக்குள் அதில் பலவற்றின்மேல் ஓர் ஆக்ஸிஜனை ஏற்றிவைக்கிறது ஒரு நொதி. அந்த ஏற்றம் இல்லாவிட்டால், 37 டிகிரி உடல் சூட்டில் முறுக்கு நிற்காது. அந்த நொதி தொடர்ந்து வேலை செய்ய வைட்டமின் சி வேண்டும். வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி ரத்தம் கசிவது இதனால்தான். 1740-களில் ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றிய பிரிட்டிஷ் கப்பலில் ஒரு முதிய போர்வீரர் இருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்தில் நடந்த போய்ன் போரில் பட்டு ஆறிப்போன காயங்கள், ஸ்கர்வி வந்ததும் அவருக்கு மறுபடி திறந்துகொண்டதாகப் பயணக் குறிப்பு சொல்கிறது. ஆறிய தழும்புகூட ஒருமுறை கட்டி முடித்த சுவர் அல்ல. பழைய கொலாஜன் கரைய, புதியது வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இப்போது கடைகளில் கொலாஜன் பொடி டப்பா டப்பாவாக விற்கிறது. குடித்த கொலாஜன் நேரே முகத்துச் சுருக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளாது. வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் வெட்டித்தான் உள்ளே அனுப்பும். டிரிப்டோபன் என்ற இன்றியமையாத அமிலம் கொலாஜனில் கிடையாது. உணவுப் புரதம் என்ற கணக்கில் அது முட்டைக்கு ஈடாகாது.

எலும்பு முறிந்தவருக்கு ஆட்டுக்கால் சூப் தரலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகத் தரலாம். ஆட்டுக்காலை மணிக்கணக்கில் கொதிக்கவிடும்போது மூன்று புரியும் பிரிந்து ஜெலட்டின் ஆகிறது; சூப் ஆறியதும் கட்டிப்படுவது அதனால்தான். ருசியானது, நோயாளிக்கு இதமானது. ஆனால் அதை மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். பருப்பும் முட்டையும் சேரட்டும், ஒரு நெல்லிக்காயும் சேரட்டும். சூப்பில் எலுமிச்சை பிழிவதானால் அடுப்பை அணைத்து, குடிக்கும் சூட்டுக்கு வந்த பிறகு பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும்.

வணக்கம்.